ராஜா தலையைக் கழற்றக் கூடாது

தொந்தி ராஜாவின் தொந்திக்குள் என்ன இருக்கிறது என்று ஊசியக்காவைக் கேட்டால் அடுக்கிச் சொல்லிவிடுவாள். முதலில் ரப்பர் பஞ்சு, அதன்மேல் பழைய போர்வை, அதன்மேல் சிவப்பு வெல்வெட், அதற்கும் மேலே அவள் கையால் தைத்த பித்தளைப் பொத்தான்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே, வியர்த்து வழிந்துகொண்டு, அவளுடைய சொந்தத் தம்பி.

சினிமாப் பூங்காவின் உடுப்பறையில் அவளுக்குத் தையல் வேலை. ஊசியக்கா என்ற பேர் கையிலிருக்கும் ஊசியால் வந்ததா வாயிலிருக்கும் ஊசியால் வந்ததா என்பதில் அங்கே வேலை பார்க்கிறவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. தம்பிக்கு வாலு என்று பேர். அதில் ஒரே கட்சிதான்.

அந்த இடம் ஒரு காலத்தில் படப்பிடிப்புக்காகக் கட்டியது. படம் எடுப்பது குறைந்ததும் கம்பெனிக்காரர்கள் சுற்றிலும் ராட்டினங்களை நட்டு, வாசலில் டிக்கெட் கூண்டு வைத்துவிட்டார்கள். உள்ளே போனால் கடைத்தெரு இருக்கும், கோர்ட்டு இருக்கும், ரயில் நிலையம் இருக்கும், சிவப்பு எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய ஆஸ்பத்திரிகூட இருக்கும். எல்லாம் முன்பக்கம் மட்டும்தான். கதவைத் தள்ளினால் பின்னால் முட்டுக் கொடுத்த கட்டைகளும் காய்ந்த புல்லும் தெரியும். நீதிபதி உட்காரும் இடத்துக்குப் பின்னால்தான் தோட்டக்காரர் தன் சைக்கிளை நிறுத்துவார்.

இத்தனைக்கும் நடுவில் இருக்கிற சதுக்கத்தில்தான் தொந்தி ராஜாவின் தர்பார். பழைய சிரிப்புப் படமொன்றில் வந்த ராஜா அவர். படத்தை மறந்துபோனவர்கள்கூட ராஜாவை மறக்கவில்லை. பாட்டுப் போட்டதும் அரண்மனைக் கதவு திறக்கும், ராஜா தொந்தி குலுங்க வருவார், பிள்ளைகள் பாய்வார்கள். பின்னாலேயே ஜரிகைக் குடை பிடித்துக்கொண்டு குடைக்காரர் வருவார். பார்க்கிறவர்களுக்கு அவர் ராஜாவின் சேவகன். உண்மையில் அவர் வேலை, உள்ளே இருக்கிறவனைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பது.

ராஜாவுக்குச் சட்டங்கள் உண்டு. பேசக் கூடாது. பிள்ளைகள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது. "உயிரே போனாலும் கழட்டக் கூடாது" என்பார் சூப்பர்வைசர். எல்லாரும் சிரிப்பார்கள். உள்ளே இருப்பவனுக்கு மயக்கமோ வாந்தியோ வந்தால் இரண்டு கையையும் தலைமேல் வைக்க வேண்டும். அதைப் பார்த்ததும் குடைக்காரர் குடையைச் சாய்த்து மறைத்து, சிரித்த முகமாக ராஜாவை அரண்மனைக்குள் தள்ளிக்கொண்டு போய்விடுவார். சந்தோஷமாக இருக்கிற எவனும் தலையில் இரண்டு கையையும் வைக்க மாட்டான், அதனால் தப்பு நடக்க வழியில்லை என்று யோசித்துதான் அந்தச் சைகையை வைத்தார்கள். வேலைக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

ஊசியக்கா அதை வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை. தலையில் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவள் கட்சி. மகள் தெரியாமல் வைத்துவிட்டால்கூட "கைய எடுடி, இது என்ன எழவு வீடா?" என்று ஒன்று போடுவாள். வேலைச் சங்கதி வேலையோடு, வீட்டுச் சங்கதி வீட்டோடு.

போன வாரம் ஒரு முரட்டுப் பையன் ராஜாவின் தாடியைப் பிடித்துத் தொங்க, தலை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. ராஜாவின் காது இருந்த இடத்தில் மூக்கு இருப்பதைப் பார்த்த குழந்தைகள் அலறிவிட்டன. சூப்பர்வைசர் ஆடித் தீர்த்தார். ஊசியக்கா தாடிக்கு அடியில், இடது காதோரமாக, வெளியே தெரியாத ஒரு கொக்கி வைத்து, அதில் மாட்டித் தலையை உடுப்போடு பிணைக்கும் ஒரு பட்டியை மெழுகு நூலால் நெருக்கித் தைத்தாள். கொக்கி இருக்கும் இடம் அவளுக்கும் வாலுவுக்கும்தான் தெரியும். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தவள், "இனிமே யமனே வந்து இழுத்தாலும் வராது" என்றாள்.

வருஷத்தில் ஒரு நாள் வேலைக்காரர்களின் குடும்பத்துக்கு இலவச அனுமதி. அந்த நாளைப் பார்த்து வெயிலும் குடும்பத்தோடு வந்திருந்தது.

ஊசியக்காவின் புருஷனுக்கு ரொட்டிப் பட்டறையில் அடுப்பு வேலை. தெருவில் எல்லாரும் ரொட்டிக்காரர் என்பார்கள். ராத்திரி முழுக்க அடுப்பு வாயில் நின்று தட்டுகளை உள்ளே தள்ளி வெளியே இழுத்துவிட்டு, விடிந்ததும் வீட்டுக்கு வந்து குளித்து, கண்ணைக்கூட மூடாமல் கிளம்பியிருந்தார். இத்தனை வருஷத்தில் பூங்காவுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. அதற்குக் காரணம் மகள். எட்டு வயதுக்காரி. பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் "எங்க மாமா ராஜா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். "அப்பா என்ன பண்றாரு?" என்று டீச்சர் கேட்டதற்கு, "அப்பா தூங்குவாரு" என்றிருக்கிறாள். அவள் சொன்னது பொய்யில்லை. பகலில் அவள் பார்க்கிற அப்பா போர்வைக்குள்தான் இருப்பார். ஆனாலும் அதைக் கேட்ட அன்றைக்கு ரொட்டிக்காரர் சிரித்த சிரிப்பில் சத்தம் இருந்தது, சிரிப்பு இல்லை.

வாசலில் பையைச் சோதித்த பெண், "அக்கா, இன்னிக்கு நீங்க விருந்தாளி. கத்தரிக்கோல் உள்ள போகக் கூடாது" என்று அவளுடைய நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"என் கையில கத்தரி இல்லன்னா ஒரு கை இல்லாத மாதிரிடி."

"ஒரு நாள் சும்மா இருந்து பாருங்கக்கா. வாய்தான் இருக்கே, அதுவே வெட்டும்."

மத்தியானம் கோர்ட்டுக்குப் பின்னால் கிடைத்த நிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். தார் ரோட்டில் செருப்பு ஒட்டி ஒட்டி வந்தது. ராட்டினத்தின் இரும்பு இருக்கைகளில் உட்கார ஆளில்லை. ஊசியக்கா பட்டறை ரொட்டியும் அவித்த முட்டையும் வெள்ளரித் துண்டும் பிரித்து வைத்தாள். காலை ஆட்டம் முடிந்து வாலு வந்து சேர்ந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உடம்பில் அவள் தைத்துக் கொடுத்த ஐஸ் சட்டை. பை பையாக ஐஸ் பொட்டலம் வைத்த கையில்லாத சட்டை அது. அதைக் கழற்றிக் கட்டைமேல் போட்டான்.

"பாத்தியா மாப்ளே, என் வேலையில குளிர்சட்டை எல்லாம் கெடையாது" என்றார் ரொட்டிக்காரர். "அடுப்ப கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கணும். நீ என்னடான்னா பஞ்சு மூட்டைக்குள்ள பூந்துகிட்டு, ஐஸையும் கட்டிக்கிட்டு, கையாட்டி சம்பளம் வாங்கற."

"அத்தான், உள்ள ஒரு தடவ பூந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

"அடுப்புல நின்னவனுக்கு வெயில் என்னடா பண்ணும்?"

மகள் முட்டையின் மஞ்சளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள். "அப்பாவால முடியாது. அப்பா தூங்கிடுவாரு."

வாலு ரொட்டி புரையேறுமளவுக்குச் சிரித்தான். ஊசியக்காவுக்கும் அடக்க முடியவில்லை. அவள் வாய் அப்படி. சிரிப்பு வந்தால் கூடவே ஒரு ஊசியும் வரும்.

"விடுடி, உங்கப்பா வீட்டு ராஜா. கட்டில விட்டு எறங்க மாட்டாரு. இவரு போய் அதுக்குள்ள நின்னா பத்து நிமிஷத்துல 'ஐயோ அம்மா'ன்னு அலறிக்கிட்டு வெளிய வந்துடுவாரு. நான் வேணா எழுதித் தரேன்."

"அப்படியா?" என்றார் அவர்.

"அப்படித்தான்."

அவர் முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வாடா மாப்ளே, புள்ளைக்கு ஐஸ் வாங்கிட்டு வருவோம்." இரண்டு பேரும் தோளில் கை போட்டபடி போனார்கள். இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே அகலம். வாலு கழற்றிப் போடும் சட்டையை ரொட்டிக்காரர் எடுத்து மாட்டிக்கொள்வதும் உண்டு. ஐஸ் சட்டை கட்டைமேலேயே கிடந்தது. ஊசியக்கா அதைப் பார்த்தாள். 'மறந்துட்டுப் போறான் பாரு, உள்ளே இன்னொன்னு வெச்சிருப்பான்' என்று நினைத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஐஸ் வாங்கப் போனவர்கள் வரவில்லை. சதுக்கத்தில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். வெயிலுக்குப் பயந்து சுவரோரம் ஒட்டியிருந்த கூட்டமெல்லாம் பாட்டைக் கேட்டதும் நடுவுக்கு வந்தது.

அரண்மனைக் கதவு திறந்தது. தொந்தி ராஜா வந்தார்.

"மாமா!" என்று கத்தினாள் மகள்.

"கத்தாதடி. ராஜான்னு சொல்லு" என்றாள் ஊசியக்கா. ஆனால் அவளும் பார்த்தாள், இன்று நடை சரியில்லை. வாலு நடந்தால் தொந்தி ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமும் போகும். இது ரொட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி நேராக வந்தது. அக்கா வந்திருக்கிறாள் என்று புதுசாக ஏதோ காட்டுகிறான், கொழுப்பு, என்று நினைத்துக்கொண்டாள்.

ராஜா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். மகளைப் பார்த்ததும் நேராக வந்தார். குனிந்து, தூக்கி, தலைக்கு மேலே கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றினார். பிள்ளைகளைத் தூக்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் உண்டு. குடைக்காரர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். ஊசியக்கா கண்ணைக் காட்டினாள்: போகட்டும், மருமகள்தானே. மகள் மேலேயிருந்து, "நான்தான் ராணி! நான்தான் ராணி!" என்று கத்தினாள். கீழே இறக்கிவிட்ட பிறகும் ராஜா அவள் கன்னத்தைப் பஞ்சுக் கையால் தடவிக்கொண்டே நின்றார். மற்றப் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தார்.

பிறகு ஆட்டம். ராஜா ஆடினார். முதலில் நன்றாகத்தான் ஆடினார். பாட்டு இரண்டாவது தடவை சுற்றி வந்தபோது காலை மாற்றிப் போட்டார். ஒரு பையன்மேல் சாயப்பார்த்து நிமிர்ந்தார். கூட்டம் சிரித்தது. ராஜா நின்றார். தொந்தியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் வளைந்தார். கூட்டம் இன்னும் சிரித்தது.

ஊசியக்கா அவருடைய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உடுப்பறையில் வேலை செய்கிற எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கை தலைக்குப் போகவில்லை. அப்படியென்றால் உள்ளே எல்லாம் நலம். குடைக்காரரும் அதையேதான் பார்த்துக்கொண்டு, அதே கணக்கில் சிரித்துக்கொண்டு நின்றார்.

ராஜா திரும்பி அவளை நோக்கி வந்தார். நேராக அவளை நோக்கித்தான். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கால் பின்னப் பின்ன, கண் தெரியாதவன் சுவரைத் தேடுகிற மாதிரி வந்தார்.

"போதும்டா, ரொம்ப நடிக்காத!" என்றாள் அவள், கைதட்டிக்கொண்டே.

ராஜா நின்றார். இரண்டு கையாலும் தாடியைப் பிடித்து இழுத்தார். கழுத்தைப் பிடித்து இழுத்தார். தலை அசையவில்லை. போன வாரத்துப் பையனை நடித்துக் காட்டுகிறான் என்று அவளுக்குத் தோன்றியதும் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இழு, இழு! நல்லா இழு! யமனே வந்தாலும் வராதுடா!"

ராஜா முட்டி போட்டார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். கிரீடம் தரையில் பட்டு ஒரு தகரச் சத்தம் கேட்டது. கால் இரண்டும் உதைத்துக்கொண்டன. கூட்டம் கைதட்டியது. சிலர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். குடைக்காரர், ராஜா செத்துப்போய் எழுந்திருக்கப் போகிறார் என்பது போல் குனிந்து ஒரு கும்பிடு போட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

"என்னக்கா, முடிஞ்சிருச்சா? ஐஸ் கடையில கூட்டம்க்கா, நகரவே இல்ல."

காதுக்குப் பக்கத்தில் வாலுவின் குரல். ஊசியக்கா திரும்பினாள். வாலுதான். கைநிறைய ஐஸ் குச்சி. உருகி முழங்கை வரை வழிந்துகொண்டிருக்கிறது. முகமெல்லாம் இளிப்பு.

"எப்படிக்கா நம்ம ராஜா? கண்டுபுடிச்சிட்டியா?"

அவள் வாய் இன்னும் சிரித்தபடிதான் இருந்தது. அதை மூட அவளுக்கு வரவில்லை. தம்பியைப் பார்த்தாள். தரையில் கிடக்கிற ராஜாவைப் பார்த்தாள். மறுபடியும் தம்பியைப் பார்த்தாள்.

"நீ இங்க இருக்க."

"ஆமா."

"அப்ப அது யாருடா?"

ஐஸ் குச்சிகள் அவன் கையிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன.

எப்படி ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. ராஜாவின் பக்கத்தில் விழுந்தாள், தாடியைத் தூக்கினாள், காதோரம் கொக்கியைத் தேடினாள். இழுத்த இழுப்பில் கொக்கி வளைந்து துணிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. பையில் கையை விட்டாள். கத்தரி வாசலில் இருந்தது.

"கழட்டாத!" சூப்பர்வைசர் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தார். "பசங்க பாக்குது! உள்ள தூக்கிட்டுப் போய்க் கழட்டு!"

அவள் தாடிக்குள் முகத்தைப் புதைத்து, தான் தைத்த மெழுகு நூலைத் தானே கடித்தாள். நெருக்கித் தைத்திருந்தாள். நல்ல வேலை. ஒவ்வொரு தையலும் பல்லுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. வாலு மறுபக்கம் பிடித்து இழுத்தான். நூல் விட்டது. தலை கழன்று உருண்டது.

குழந்தைகள் வீறிட்டன. ரொட்டிக்காரரின் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. கண் பாதி திறந்து மேலே செருகியிருந்தது. வாயோரம் நுரை. தொட்டால் அடுப்புத் தகடு மாதிரி சுட்டது.

இதையும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்த யாரோ ஒருவன் பின்னால் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா" என்றாள் மகள். கத்தவில்லை. சாதாரணமாகக் கூப்பிடுவதுபோல்தான் சொன்னாள். "அம்மா, ராஜாவுக்குள்ள அப்பா இருக்காரு."

வந்திருந்த ஆண்கள் நாலைந்து பேர் ராஜாவின் உடம்போடு அவரைத் தூக்கினார்கள். "ஆஸ்பத்திரி அங்க இருக்கு! அங்க!" என்று ஒருவர் காட்ட, எல்லாரும் சிவப்பு எழுத்துப் பலகையைப் பார்த்து ஓடினார்கள். உதவி செய்ய வந்த நல்லவர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. முன்னால் ஓடியவர் கதவை உதைத்துத் திறந்தார். உள்ளே காய்ந்த புல்லும் ஒரு உடைந்த ஏணியும் கிடந்தன. அவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த மனிதரின் முகத்தை ஊசியக்கா சாகிற வரை மறக்க மாட்டாள்.

"அது செட்டுங்க! அது ஆஸ்பத்திரி இல்ல!" தொண்டை கிழியக் கத்தினாள். "மழைக்குக் கொண்டு போங்க! மழைக்கு!"

யாருக்கும் புரியவில்லை. வாலுவுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரிக்கு அடுத்ததுதான் மழைப் பாட்டுத் தெரு. மேலே குழாய் வைத்து மழை பெய்ய வைப்பார்கள், சாயங்காலம்தான் திறப்பார்கள். "குடைக்காரரே, வால்வு!" என்று அலறிக்கொண்டு வாலு ரொட்டிக்காரரின் காலைப் பிடித்து இழுத்தான். அவரை விளக்குக் கம்பத்துக்குக் கீழே கிடத்தி, பொத்தான்களைப் பிய்த்து எறிந்து, தொந்தியை உரித்து எடுத்தார்கள். உள்ளே வெறும் பனியன். ஐஸ் சட்டை இல்லை. அது ஊசியக்காவின் பைக்குள் மடித்து வைத்தபடி இருந்தது.

மேலே குழாய் ஒருமுறை இருமியது. மழை வந்தது. மழை வந்தால் பாட்டும் தானாக வரும், அப்படித்தான் அமைத்திருந்தார்கள். ஒரு காதல் பாட்டு, வயலினும் புல்லாங்குழலுமாக, தெரு முழுக்கக் கேட்டது. அதன் நடுவில் ஊசியக்கா புருஷனின் நெஞ்சில் தண்ணீரை வாரி வாரி அடித்தாள். ஐஸ் வண்டிக்காரர் பெட்டியோடு ஓடிவந்து அவர் அக்குளிலும் கழுத்திலும் ஐஸைக் கொட்டினார். வால்வைத் திறந்துவிட்டு வந்த குடைக்காரர், மழையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் குடையை அவர்மேல் விரித்தார்.

"மடக்குய்யா!" என்று கத்தினாள். அவர் குடையை வீசி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். "கை வெக்கலயேம்மா. தலையில கை வெக்கலயே. நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்."

"நானுந்தான் பாத்தேன்" என்றாள் அவள்.

வாலு அவர் காலைத் தேய்த்துக்கொண்டே புலம்பினான். "எல்லாம் சொன்னேன்க்கா. பேசாதீங்க, பேசினா என் வேல போயிடும்னு சொன்னேன். கையாட்டறது, ஆடறது, திரும்பறது எல்லாம் சொல்லிக் குடுத்தேன். ஐஸ் சட்டை போட்டுக்கங்கன்னேன், வேணான்னுட்டாரு. அந்தச் சைகைய மட்டும் சொல்லலக்கா. எனக்கு ஞாபகமே வரல. மூச்சு விடுங்கன்னு யாராச்சும் சொல்லிக் குடுப்பாங்களா?"

அவள் அவனை அடிக்கவில்லை. அடிக்கக் கை வேண்டுமே. இரண்டு கையும் தண்ணீர் வாருவதில் இருந்தன. பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோது ரொட்டிக்காரர் ஒருமுறை உடம்பைத் தூக்கிப்போட்டு வாந்தி எடுத்தார். உயிர் இருக்கிறது என்பதற்கு அவ்வளவு அழகான அடையாளத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. அதற்குள் வாசலில் நிஜ ஆம்புலன்ஸின் சத்தம் கேட்டது.

நிஜ ஆஸ்பத்திரியில் கதவுக்குப் பின்னால் அறைகள் இருந்தன. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. போகிற கதவையெல்லாம் ஒருமுறை தள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில்தான் அவருக்குப் பேச்சு தெளிந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சூடு மூளைக்கு ஏறியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஒரு கையில் ஊசி குத்தி, குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்து, கண் சிவந்து, அடுப்பில் கருகிய ரொட்டி மாதிரி கிடந்தார். மகள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, நர்ஸ் கொடுத்த ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அவள் அப்பாவின் பக்கத்தில் வரவில்லை. பார்வையை மட்டும் எடுக்கவில்லை.

"வாலு எங்க?" என்றார்.

"வெளிய உக்காந்திருக்கான். உள்ள வர மாட்டேங்கறான்."

"அவன் வேல?"

"சூப்பர்வைசர் இன்னிக்கு வரச் சொல்லியிருக்காரு. என்ன சொல்வாரோ."

"நான் பேசலயே" என்றார் ரொட்டிக்காரர். "ஒரு வார்த்த பேசல. கத்தணும்னு வாய்க்குள்ளயே வந்துச்சு. கத்தினா அவன் வேல போயிடும்னு சொல்லியிருந்தான்ல. புள்ள வேற பயந்துடுவா. அதான் அடக்கிக்கிட்டேன்."

ஊசியக்கா போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"நீ சொன்ன பத்து நிமிஷத்துக்கு மேலயே நின்னேன்."

"ஐயோ, சும்மா இருங்க."

"உள்ளேர்ந்து வாய் வழியா மட்டுந்தான் தெரியுது. வலை போட்டிருக்கீங்கல்ல, அது வழியா. எல்லாம் வெள்ளையா போச்சு. உன் பொடவை மட்டும் தெரிஞ்சுது. சரி, இவகிட்ட போயிட்டா போதும், இவ தச்சதுதானே, இவளுக்குக் கழட்டத் தெரியும்னு வந்தேன்." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "நீ கைதட்டின."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பாள். அவர் புரியாமல் சொன்னார். என்ன நடந்தது என்று ஒரு குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார்.

"நான் உங்க கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். "முடியலன்னா ஒரு சைகை இருக்கு. அது வரல. அதனால விளையாடுறீங்கன்னு... அவன் விளையாடுறான்னு நெனச்சேன்."

"என்ன சைகை?"

ஊசியக்காவின் வாய்க்குள் அத்தனை வருஷமாக எந்த வார்த்தையும் இப்படிச் சிக்கியதில்லை.

"ரெண்டு கையையும் தூக்கித் தலைமேல வெக்கணும்."



"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ரொட்டிக்காரர் ஊசி இல்லாத கையை மெல்லத் தூக்கினார். அது மேலே போய்த் தலைமேல் உட்கார்ந்தது. மற்றக் கையையும் தூக்கப் பார்த்தார். குழாய் இழுத்தது. ஜன்னலோரத்திலிருந்து மகள் ஆரஞ்சைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அப்பா, தலையில கை வெக்காதீங்க. வீட்டுக்கு ஆகாது. அம்மா அடிப்பாங்க."

ஊசியக்கா மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். புருஷனின் கையை எடுத்துத் திரும்பவும் அவர் தலைமேல் வைத்து, அது நழுவாமல் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வெக்கட்டும்டி" என்றாள். "வெச்சாத்தான் எனக்குத் தெரியும்."